பெரியம்மாவுக்குத் தெரிந்தவை

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் காலமானால் என்ன பேசுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். கருணையே உருவானவர், பொறுமையின் சிகரம், முகம் சுளிக்கத் தெரியாதவர். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவராகவும் இருந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம். ஜெபத்தில் உறுதியானவர், சபைக்குத் தூணாக நின்றவர் என்று இரண்டு வரி சேர்த்தால் இரங்கலுரை தயார். என் பெரியம்மாவுக்கும் இதேதான் கிடைத்தது. பேசியவர்கள் அவரை உண்மையிலேயே நேசித்தவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அந்தப் பொறுமை விஷயத்தைத் தவிர. ஆனாலும் கேட்கக் கேட்க எனக்குள் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

அவருக்கு என்ன தெரியும் என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். பொறியாளர் இறந்தால் அவர் கட்டிய பாலத்தைச் சொல்கிறோம். ஆசிரியர் இறந்தால் அவர் கணக்கு நடத்திய அழகைச் சொல்கிறோம். செவிலியர் இறந்தால் மட்டும் அவருடைய நல்ல மனத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். நல்ல மனம் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. ஒரு வார்டு முழுக்கத் தூங்கும் நோயாளிகளில் எவர் விடிவதற்குள் மோசமாகப் போகிறார் என்று நள்ளிரவு தாண்டிய வேளையில் கண்டுபிடிக்க மனம் மட்டும் போதாது.

மூச்சை எண்ணுவதையே எடுத்துக்கொள்வோம். பெரியம்மா நோயாளியின் மணிக்கட்டைப் பிடிப்பார். மார்பில் குத்தியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்க மாட்டார். கண்ணை மட்டும் நோயாளியின் நெஞ்சுக்கு நகர்த்தி, அது ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவார். இன்னும் நாடிதான் பார்க்கிறார் என்று நோயாளி நினைத்துக்கொண்டிருப்பார். மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் இயல்பாக மூச்சு வராது. உடனே இழுத்து இழுத்து விட ஆரம்பித்துவிடுவார்கள். நோயாளியை ஏமாற்றத் தனக்கு இருந்த ஒரே அனுமதி இதுதான் என்று சொல்வார்.

பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவார்கள். அது 24, 26 என்று ஏறினால், ரத்த அழுத்தம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரிந்தாலும், உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கக்கூடும். நோய்த்தொற்று உடம்பெங்கும் பரவும்போதும், இதயம் தளரும்போதும் பல சமயம் முதலில் மாறுவது இந்த எண்தான். நாடி, அழுத்தம், ஆக்சிஜன் எல்லாவற்றையும் இயந்திரம் காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் பெரும்பாலான வார்டுகளில் இன்னமும் ஒரு மனிதர் நின்று எண்ண வேண்டும். அதனாலேயே பலர் எண்ணாமல் 18 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது பெரியம்மாவின் தீராத குறை. வார்டில் எல்லாருக்கும் 18 என்று எழுதியிருந்தால் அங்கே யாருமே மூச்சை எண்ணவில்லை என்று பொருள் என்பார்.

அவர் கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிநீரில் போட்டு எடுத்த தலைமுறை. மழுங்கிய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டி, முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்களாம். இழை சிக்கினால் பிசிறு இருக்கிறது. அந்த ஊசி மறுபடியும் கல்லுக்குப் போகும். சலைன் ஏறும் வேகத்தைக் கணக்கிட அப்போது அவர்களிடம் கருவி கிடையாது. துளி விழும் இடத்துக்குப் பக்கத்தில் கடிகாரத்தை உயர்த்திப் பிடித்து எண்ணுவார்கள். ஒரு மில்லிக்கு 20 துளி விழும் குழாயில் ஒரு லிட்டரை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை துளி என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன் 42 என்பார். கடைக் கணக்கில் மட்டும் எப்போதும் தடுமாறுவார். அது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

படுக்கைப்புண் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். சிவந்த இடத்தில் விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துவிட்டுத் திரும்பவும் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் உள்ளே தசை சேதமாகத் தொடங்கிவிட்டது, மேலே இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். கருத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்கே படாது. அங்கே புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும், விரலால் தடவிக் கெட்டித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் புத்தகம் சொல்லித்தரவில்லை, மூத்த செவிலியர் ஒருவர் தன் கையைப் பிடித்து நோயாளியின் இடுப்பில் வைத்துக் கற்றுக்கொடுத்தார் என்பார். அசைய முடியாதவர்களைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பில் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் இழுத்துவிடுவது, குதிகாலைப் படுக்கையில் படாமல் தூக்கிவைப்பது என்று இரவெல்லாம் நடக்கும் அந்த வேலையின் பலன் என்ன தெரியுமா? ஒன்றும் நடக்காமல் இருப்பது. புண் வந்த நோயாளிகளின் பெயர்கள் அவருக்கு ஆயுள் முழுக்க நினைவிருந்தன. புண் வராமல் வீடு திரும்பியவர்கள் யார் என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. நன்றி சொல்ல யார் வருவார்கள்?

இது பெரியம்மாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கே இதுதான் நடந்தது. அவர் பிறந்த மே 12-ஐச் செவிலியர் நாளாகக் கொண்டாடும்போது கையில் விளக்கோடு ஒரு பெண்ணை மேடையில் நிறுத்துகிறோம். கிரைமியப் போரின்போது, 1854-ல், துருக்கியின் ஸ்கூட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போனவர் அவர். அங்கே சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிடக் காய்ச்சலாலும் கழிச்சலாலும் செத்ததுதான் அதிகம். 1855-ல் சுகாதாரக் குழு ஒன்று வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகு சாவு மளமளவென்று குறைந்தது. நாடு திரும்பியதும் அவர் மாதவாரியாக இறப்புக் கணக்கை எடுத்து, சாவின் காரணத்துக்கு ஒரு வண்ணம் என்று வட்டமாக வரைபடம் போட்டு ஆட்சியாளர்களின் முன் நீட்டினார். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அதில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அந்த வரைபடத்தைக் கையில் பிடித்த நைட்டிங்கேலை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை. விளக்குதான் பார்க்க அழகாக இருக்கிறது.

ஆலய விஷயத்திலும் ஒரு திருத்தம் உண்டு. ஞாயிறு தவறாமல் என்றார்கள். வேலையில் இருந்தவரை அவர் தவறவிட்ட ஞாயிறுகள் ஏராளம். நோய்க்கு ஓய்வுநாள் கிடையாதே. இரவுப் பணி முடித்து நேரே ஆராதனைக்கு வந்து, பிரசங்கம் தொடங்கியதும் தலை தொங்கத் தூங்கிப் போவார். கிறிஸ்துமஸுக்குக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு விடுப்பை விட்டுக்கொடுப்பார். அப்புறம் அதை வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டவும் செய்வார். ஓய்வுபெற்ற பிறகுதான் ஆலயம் ஒழுங்காயிற்று. அப்போதும் கதவோரம், கடைசி வரிசை. பணிவு என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள். “முன்னால் உட்கார்ந்தால் எனக்கு யாரைத் தெரியும்?” என்று என்னிடம் கேட்டார். பின்னாலிருந்து பார்த்தால் யார் எழுந்து நிற்க நேரம் எடுக்கிறார், யார் பாட்டின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறார், யாருடைய சட்டை போன மாதத்தைவிடத் தொளதொளத்திருக்கிறது எல்லாம் தெரியும்.

இப்படித்தான் சபை மூப்பர் ஒருவரை ஆராதனை முடிந்ததும் வாசலில் மறித்தார்.

“ஐயா, கொஞ்சம் உட்காருங்கள்.” அவர் உட்கார்ந்ததும் குனிந்து, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. மூப்பருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

“ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?”

“மூன்று, சிஸ்டர்.”

“போன வருஷம்?”

அவர் யோசித்துவிட்டு ஒன்று என்றார். “நாளைக்கே இதய டாக்டரைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா எழுந்துவிட்டார். இதயம் தளர்ந்தவர்களுக்கு மல்லாந்து படுத்தால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். தங்களை அறியாமலேயே தலையணையை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். தலையணையைக் கேட்டால் மறைக்கத் தோன்றாது.

இன்னொரு நாள், நீண்ட ஜெபத்தின்போது நின்றிருந்த இளைஞன் ஒருவன் சரிந்து விழுந்தான். கூடியவர்கள் அவனைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார்கள். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். “படுக்க விடுங்கள்!” என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் போதகர் ஜெபத்தையே நிறுத்திவிட்டார். மூளைக்குப் போதிய ரத்தம் போகாததால்தான் மயக்கம் வருகிறது. விழுந்து கிடப்பதே அதற்குப் பாதி வைத்தியம். நிமிர்த்தி உட்காரவைத்தால் அந்த வைத்தியத்தைக் கெடுக்கிறோம். நினைவில்லாதவன் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகலாம். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அவன் கால்களை அதன்மேல் தூக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். பெரியம்மா போதகரைத் திரும்பிப் பார்த்து, “இப்போது நீங்கள் முடித்துக்கொள்ளலாம், பாஸ்டர்” என்றார். அதற்குப் பிறகு எங்கள் சபையில் அந்த ஜெபத்துக்கு உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஆனது.

நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் குழுவுக்கு அவர்தான் தலைவி. போட்ட சட்டங்கள் கடுமையானவை. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நிற்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். கட்டிலில் உட்காரக்கூடாது. என் மாமாவுக்கும் இதே நோய்தான் என்று ஆரம்பிக்கக்கூடாது, ஏனென்றால் அந்த மாமா என்ன ஆனார் என்று நோயாளி கேட்பார். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டே ஜெபிக்க வேண்டும்; வேண்டாம் என்றால் முகம் கோணக்கூடாது. நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய நூலிலேயே, வெறும் நம்பிக்கை வார்த்தைகளையும் இலவச ஆலோசனைகளையும் அள்ளிவிட்டுப் போகும் பார்வையாளர்களைத் திட்டுவதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நோயாளியை விசாரிக்க வந்தவர்களை ஆண்டவர் மெச்சுகிற மத்தேயு 25-ஆம் அதிகாரம் பெரியம்மாவுக்கு மனப்பாடம். “வந்தீர்கள் என்றுதான் போட்டிருக்கிறது, போகவே இல்லை என்று போடவில்லை” என்பார்.

அவர் விசுவாசம் எளிமையானது என்று சிலர் சொன்னார்கள். எளிமைதான், ஆனால் ஏமாளித்தனம் இல்லை. வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், உண்மையான விசுவாசிக்கு மாத்திரை எதற்கு என்று மேடையில் முழங்கினார். அதைக் கேட்டுவிட்டு ஒரு பெண் வலிப்பு மாத்திரையை நிறுத்தப்போவதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது பெரியம்மா காதில் விழுந்தது. முதலில் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துப் போய், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து வந்து உயிரையே எடுக்கலாம் என்று விளக்கினார். அடுத்து நேரே பிரசங்கியாரிடம் போனார். “பவுலின் கூட இருந்த லூக்கா யார்? வைத்தியர். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனபோது பவுல் என்ன எழுதினார்? வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதினார். உங்களுக்கு பவுலைவிட விசுவாசம் அதிகமா?” அந்த மனிதர் பதில் சொல்லாமல் காருக்குப் போய்விட்டார். இந்த நிகழ்ச்சி இரங்கலுரை எதிலும் வரவில்லை. வந்திருந்தால் ஆலயமே சிரித்திருக்கும், அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

சபைக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் பரிந்துரைக்கும் பெபேயாளைச் செவிலியரின் முன்னோடியாகக் கொண்டாடுவோர் உண்டு. அங்கே நோயாளி யாரும் வரவில்லை என்பதால் நான் அதைச் சற்றுத் தள்ளியே வைப்பேன். நான்காம் நூற்றாண்டின் ஃபேபியோலா ஐயமில்லாதவர். ரோமில் செல்வக் குடும்பத்தில் பிறந்து, சொத்தைக் கொட்டி மருத்துவமனை அமைத்து, பிறர் பார்க்கவே கூசும் புண்களைத் தம் கையால் கழுவினார் என்று அவர் காலத்துக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் எழுதிவைத்திருக்கிறார். 1836-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் ஃப்ளீட்னர் என்ற போதகரும் அவர் மனைவியும் பெண் ஊழியர்களுக்கு நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி தரும் இல்லத்தைத் தொடங்கினார்கள். 1851-ல் நைட்டிங்கேல் பயிற்சி பெற்றது அங்கேதான்.

இந்த உறவால் ஒரு கெடுதலும் வந்தது என்பது என் எண்ணம். ஊழியம் என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் கேட்பது கூச்சமாகிவிடுகிறது, படிப்பைச் சொல்வது தற்பெருமையாகிவிடுகிறது. உன் பலன் பரலோகத்தில் இருக்கிறது என்று பெரியம்மாவிடம் ஒருவர் சொன்னபோது, “உங்கள் பலனை மட்டும் மாதா மாதம் இங்கேயே வாங்கிக்கொள்கிறீர்களே” என்று திருப்பிக் கேட்டவர் அவர். தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, நின்று நின்று கால் நரம்புகள் புடைத்துக்கொண்டன. அதையும் ஊழியத்தின் தழும்புகள் என்று யாரோ வர்ணித்தார்கள். ஆள் போதவில்லை, அதனால் தனியாகத் தூக்கினேன் என்பதே அவர் சொன்ன காரணம்.

சாவைப் பற்றி அவர் பேசியது குறைவு. சிசிலி சாண்டர்ஸ் மேல் மட்டும் தனி மரியாதை. சாண்டர்ஸும் செவிலியராகத் தொடங்கியவர், ஆழ்ந்த கிறிஸ்தவர். முதுகுவலியால் அந்த வேலையை விட நேர்ந்து, மருத்துவமனைச் சமூகப் பணிக்குப் போய், பிறகு மருத்துவம் படித்து 1957-ல் டாக்டரானார். 1967-ல் லண்டனில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டஃபர்ஸ் நல்லாதரவு இல்லத்தைத் திறந்தார். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மார்ஃபின் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, வலி தலைதூக்கும் முன்பே நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவர். அந்தப் பழைய வழக்கம் இருந்த வார்டுகளில் வேலை பார்த்தவர் பெரியம்மா. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் நேரமாகவில்லை என்று சொல்லி நின்ற இரவுகளைப் பற்றி மட்டும் அவர் வேடிக்கையாகப் பேசியதே இல்லை.

சாகிறவர்களிடம் சரியாகிவிடும் என்று அவர் சொல்ல மாட்டார். வந்து நிற்கும் பிள்ளைகளிடம், பேசுங்கள், கேட்கும் என்பார். செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த இதை 2020-ல் கனடாவில் மூளை அலைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். நினைவிழந்த நிலையில் இருந்த நோயாளிகள் சிலரின் மூளை, சாவுக்குச் சில மணி நேரம் முன்பும், ஒலிக்கு எதிர்வினை காட்டியது. அவரிடம் சொன்னேன். “சந்தோஷம். நான் மெஷின் வரும்வரை காத்திருக்கவில்லை” என்றார். உயிர் போன பிறகு உடலைக் கழுவும்போதும் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே கழுவுவார்: இப்போது உங்களை இந்தப் பக்கம் திருப்புகிறேன், கையைத் தூக்குகிறேன் என்று. உடன் நிற்கும் மாணவிகளுக்கு அதுவே பாடம். உடலை எறிகிற மாதிரிப் புரட்டினால் மறுநாள் உயிருள்ள நோயாளியையும் அப்படித்தான் புரட்டுவாய் என்று எச்சரிப்பாராம்.

நோயாளியாக அவர் படுமோசம். கடைசி முறை மருத்துவமனையில் சேர்த்தபோது ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், யார் எழுதினார்கள் என்று விசாரணை. விரிப்பின் மூலை மடிப்பு சரியில்லை என்று ஒரு புகார். அவரைக் கண்டாலே ஓடி ஒளிந்த பணியாளர்களும் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் இரவு, படிப்பு முடித்து வந்திருந்த ஓர் இளம்பெண் பணியில் இருந்தாள். பெரியம்மா கண்ணை மூடிக் கிடந்தார். அவள் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிடித்த கையை விடாமல் அப்படியே நின்றாள்.

“எண்ணிவிட்டாயா?” என்றார் பெரியம்மா, கண்ணைத் திறக்காமலே.

அவள் திடுக்கிட்டுப் போனாள். “நாடியா, சிஸ்டர்?”

“நாடியை எண்ணி எவ்வளவோ நேரமாயிற்று. மூச்சு எத்தனை?”

“28, சிஸ்டர்.”

“எனக்கும் அவ்வளவுதான் வந்தது. இங்கே ஏன் நிற்கிறாய்? போய் டாக்டரைக் கூப்பிடு.”